ஈரம் பிடிக்காத இடம்

முதல் சேணம் ஒதியஞ்சாலையில் கிடைத்தது.
பிரான்சுக்கே திரும்பிப் போகிறவர் வீட்டில்
பியானோ, மீன்தொட்டி, மரக்கட்டில்
எல்லாவற்றிலும் விலைச்சீட்டு.
முன்னால் கொம்பு, பின்னால் உயர்ந்த சாய்வு,
ஓரமெல்லாம் ரோஜாப்பூ குடைந்த தோல்.
சோபாவின் கைப்பிடி மேல் வைத்து
உட்கார்ந்து பார்த்தேன்.
என் இடுப்புக்கென்றே தைத்தது போலிருந்தது.
பேரம் பேசாமல் பதினெட்டாயிரம் கொடுத்தேன்.

மிளகை யாரும் கேட்கவில்லை.

பாகூர் ஏரிக்கரையில்
அரைமணி நேரம்கூட நடந்திருக்க மாட்டாள்.
காதைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டாள்.
வாரைத் தளர்த்தப்போன இருசப்பனின் தோளை
கடிப்பது போல வந்து, கடிக்காமல் விட்டாள்.
கழற்றினோம்.
முதுகெல்லாம் வியர்வை.
தோள்மேட்டுக்கு இருபுறமும்
உள்ளங்கை அகலத்துக்கு மட்டும்
புழுதிபோல் காய்ந்திருந்தது.
"காஞ்ச எடம் கண்ணுக்கு நல்லாத்தான் இருக்கும்.
அங்கதான் அழுத்தி நெரிச்சிருக்கு"
என்றான் இருசப்பன், பீடியை அணைத்துவிட்டு.

நான் பல்செட் செய்கிறவள்.
முருங்கப்பாக்கத்தில், மாடியில், என் பட்டறை.
ஒரு நூல் தடிப்புக் கூடினாலும்
ஈறு புண்ணாகும் என்று எனக்குத் தெரியும்.
கண்ணாடியில் சிரித்துப் பார்த்து
சந்தோஷமாய் வாங்கிப்போனவர்கள்
மறுவாரம் அதைக் கைக்குட்டையில் முடிந்து
திருப்பிக் கொண்டுவந்ததைப் பார்த்திருக்கிறேன்.
தெரிந்தும்
ரோஜாப்பூவில் விழுந்துவிட்டேன்.

பிறகு ஒழுங்காய்ச் செய்தேன்.
மாவுக்கட்டுத் துணியை வெந்நீரில் நனைத்து
அவள் முதுகில் ஆறு அடுக்கு.
இறுகும்வரை இருசப்பன்
வெல்லம் ஊட்டிக்கொண்டேயிருந்தான்.
எடுத்துக் கவிழ்த்தால் ஒரு சின்னத் தோணி.
இடத்தோள் கொஞ்சம் பெரிது அவளுக்கு.
எனக்கும் அப்படித்தான் என்று
ஜாக்கெட் தைப்பவர் சொல்வார்.

அந்த வெள்ளை ஓட்டை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு
ஞாயிறுதோறும் அலைந்தேன்.
கடலூர் முதுநகர்வரை.
ஒன்று குறுகல், விளிம்பில் தொற்றி நின்றது.
ஒன்று முன்னும் பின்னும் மட்டும் தொட்டது,
நடுவில் என் கையே நுழைந்தது,
பாலத்துக்கு அடியில் நுழைவதுபோல.
இன்னொன்று தொட்டால் ஆடியது.
"அடியில கம்பளி போட்டா சரியாயிடும்மா"
என்றார்கள் எல்லா இடத்திலும்.
கடிக்கிற செருப்புக்கு
கெட்டிக் காலுறை போடச் சொல்வது போல.

வில்லியனூரில் பெர்னதேத்தின் கிட்டங்கி.
ஏதோ படப்பிடிப்புக்கு வந்தது,
வாடகை பாக்கிக்கு ஈடாக நின்றுவிட்டதாம்.
பூவேலை கிடையாது. கொம்பில் தோல் உரிந்து
உள்ளே மரம் தெரிந்தது.
ஓட்டின் மேல் வைத்தேன். அசையவில்லை.
என் பையில் எப்போதும் இருக்கும்
கடி பார்க்கிற நீலத்தாள்.
நடுவே பரப்பி அமுக்கி எடுத்தால்
இரண்டு சரிவிலும்
ஒரே சீராய் நீலம்.
பல்லுக்கே எனக்கு அப்படி அமைந்ததில்லை.

"நீங்க உக்காந்து பாக்கலையா?" என்றாள் பெர்னதேத்.

பார்த்தேன்.
எனக்கு ஓர் அங்குலம் பெரிது.
யாரோ எழுந்துபோன நாற்காலியில்
அவர் வருவதற்குள் உட்கார்ந்துகொண்ட மாதிரி.
அங்கவடி எட்டவில்லை.
வார்களில் மூன்று துளை போட்டுத் தந்தாள்,
இருக்கையில் கட்டிக்கொள்ள ஓர் ஆட்டுத்தோலும்.
கம்பளி எனக்குத்தான் தேவைப்பட்டது.

நாலு மாதமாகிறது.
மிளகு காதை முன்னால் வைத்துக்கொண்டு போகிறாள்.
ஏரிக்கரையில் நாரை எழும்பினால்தான் மிரட்சி.
இறங்கியதும் நான் முதலில் பார்ப்பது முதுகை.
ஈரம், ஈரம், ஈரம்.
இடப்பக்கம் மட்டும்
பத்து ரூபாய் நாணயமளவு
இன்னும் ஓரிடம் காய்ந்தே வருகிறது.

தோலைப் பிரித்துப் பார்த்தேன், மரத்தைத் தட்டிப் பார்த்தேன்.
நீலத்தாள் பொய் சொல்லவில்லை.
"சேணத்துல ஒண்ணுமில்ல.
நீங்க சாஞ்சு உக்கார்றீங்க"
என்கிறான் இருசப்பன்.

பட்டறையில் இப்போது
முதுகு சாயாத முக்காலி ஒன்று போட்டிருக்கிறேன்.
மெழுகில் பல் பதிக்கிற நேரமெல்லாம்
எந்தப் பக்கம் சரிகிறேன் என்று பார்த்துக்கொள்கிறேன்.